சீமையில் படிக்கும் பிள்ளைகளும் தொலைக்காட்சி லைசென்ஸும்

சென்ற மாதத்தில் ஒரு ஞாயிறு இரவு, ஒன்பது மணிக்கு மேல், நமது காலனி அன்பர் ஒருவர் கையில் தொலைபேசியுடன் நம் இல்லத்துக்கு வந்தார். அவருடைய மூத்த குமாரன் இங்கிலாந்தில் லெஸ்டர் நகரில் மேற்படிப்புப் படிக்கிறான். வேறு நான்கு மாணவர்களுடன் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துக் குடியிருக்கிறான். அவ்வீட்டுக்கு, பெயர் ஏதும் இன்றி, 'சட்டப்படி இங்கே குடியிருப்பவர்க்கு' என்று மட்டும் விலாசமிட்ட கடிதம் ஒன்று வந்ததாம். இந்த விலாசத்துக்குத் தொலைக்காட்சி லைசென்ஸ் இல்லை, அது தேவையா என்று தெரிவிக்கவும் என்பது அதன் சாரம். பையன் அதைப் படம் பிடித்துத் தகப்பனாருக்கு அனுப்பிவிட்டான். வீட்டைப் பேசி முடித்த தரகரோ, "ஐந்து பேரும் ஆளுக்கொன்று எடுத்துவிடுங்கள், வம்பு வேண்டாம்" என்று சொல்லிவிட்டாராம்.

"தம்பி, அவன் டெலிவிஷன் பெட்டியே வாங்கவில்லையே! இல்லாத பெட்டிக்கு வரியா? இங்கே அந்த வழக்கமெல்லாம் ஒழிந்து எத்தனை வருஷம் ஆயிற்று?" என்று கேட்டார் அவர்.

அவர் கேட்டதில் நியாயம் உண்டு. நம் நாட்டிலும் ஒரு காலத்தில் ரேடியோவுக்கு லைசென்ஸ் இருந்தது. தபாலாபீசில் பணம் கட்டி ஆண்டுதோறும் புதுப்பித்த சிறு புத்தகங்கள் பெரியவர்களின் டிரங்குப் பெட்டிகளில் இன்றும் அகப்படும். பின்னர் தொலைக்காட்சிக்கும் அவ்வாறே வந்தது. 1980-களின் நடுவில் இரண்டும் எடுக்கப்பட்டன. பிரிட்டனிலோ 1922-இல் ரேடியோவுக்கு ஏற்பட்ட லைசென்ஸ் 1971-இல் நீங்கிற்று; 1946-இல் ஏற்பட்ட தொலைக்காட்சி லைசென்ஸ் மட்டும் நிலைத்துவிட்டது. பி.பி.சி. ஸ்தாபனம் அங்கே பெரும்பாலும் இந்தப் பணத்தைக் கொண்டே நடந்துவருகிறது. 2025 ஏப்ரல் 1 முதல் வர்ணத் தொலைக்காட்சிக்கு ஆண்டுக் கட்டணம் 174.50 பவுண்டு என்று வைத்தார்கள். நம் பணத்தில் ஏறக்குறைய 20,000 ரூபாய். ஏப்ரல் மாதங்களில் இத்தொகை மாறுவது வழக்கமாதலால், கட்டுகிற நாளில் உள்ள தொகையைப் பார்த்துக்கொள்ளவேண்டும். ஐந்து பேரும் தரகர் சொற்படி ஆளுக்கொன்று எடுத்திருந்தால் 872.50 பவுண்டு போயிருக்கும். ஒரு மாணவனுக்கு அது இரண்டு மாத வாடகைக்கும் வரக்கூடிய பணம்.

அன்றிரவே பையனை அழைத்து, வாடகைப் பத்திரத்தை எடுத்துப் படிக்கச் சொன்னோம். ஏனெனில், மாணவர்கள் கூடி வாழும் வீடுகளில் லைசென்ஸ் ஒன்றா ஐந்தா என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அந்தப் பத்திரமே. ஐவரும் சேர்ந்து ஒரே பத்திரத்தில் கையொப்பமிட்டு வீடு முழுவதையும் எடுத்திருந்தால், வழக்கமாக ஒரே லைசென்ஸ் வீடு முழுவதுக்கும் போதும். கூடத்தில் ஒரு பெட்டியும் அறைக்கொரு மடிக்கணினியும் இருந்தாலும் சரியே. அவ்வாறன்றி, ஒவ்வொருவரும் தம் தம் அறைக்கென்று தனிப் பத்திரம் எழுதியிருந்தால், அறையில் பார்க்கிறவர் தமக்கென்று தனி லைசென்ஸ் எடுக்கவேண்டும். தனிப் பத்திரமாயினும், பொதுக் கூடத்தில் உள்ள ஒரு பெட்டியில் மட்டுமே எல்லோரும் பார்ப்பதாயிருந்தால் ஒன்று போதும்.

நம் தொழிலில் வைத்துச் சொன்னால் அன்பர்களுக்கு எளிதில் விளங்கும். கல்யாணக் கோஷ்டியார் ஒரு பெட்டி முழுவதையும் தங்கள் பெயரில் பதிவு செய்துகொண்டு போவது ஒரு முறை. அதே பெட்டியில் முன்பின் அறியாதவர்கள் தனித்தனியே படுக்கைக்குச் சீட்டு வாங்கிப் போவது இன்னொரு முறை. பெட்டி ஒன்றுதான், கணக்கு வேறு. நண்பர்கள் என்பதாலோ, ஒரே அடுக்களையில் ரசம் வைத்துச் சாப்பிடுகிறார்கள் என்பதாலோ கணக்கு மாறுவதில்லை.

பையன் படித்தான். ஒரே பத்திரம், ஐந்து கையொப்பம். ஆகவே எடுப்பதாயின் ஒன்றே. பங்கு ஆளுக்கு 34.90 பவுண்டு.

'எடுப்பதாயின்' என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. பெட்டி வைத்திருப்பதற்கு அங்கே கட்டணமில்லை, பார்ப்பதற்கே கட்டணம். எந்த அலைவரிசையாயினும், எந்தக் கருவியிலாயினும், ஒளிபரப்பாகிக் கொண்டிருக்கும் அதே நேரத்தில் ஒரு நிகழ்ச்சியைப் பார்த்தாலும் பதிவு செய்தாலும் லைசென்ஸ் வேண்டும். பி.பி.சி.யின் ஐபிளேயரில் எதைப் பார்த்தாலும் வேண்டும். பழைய நிகழ்ச்சியைப் பிறகு பார்ப்பதற்கும் அங்கே விலக்கில்லை. இந்த ஐபிளேயர் விதி 2016 செப்டம்பர் 1 முதல் வந்தது. மற்றபடி நெட்ஃபிளிக்ஸ் போன்றவற்றில் வேண்டியபோது எடுத்துப் பார்க்கும் படங்களுக்கும், யூடியூபில் ஏற்றி வைத்திருக்கும் காட்சிகளுக்கும் லைசென்ஸ் வேண்டியதில்லை. இவற்றை மட்டுமே பார்க்கிறவர்கள் வீட்டில் பெரிய பெட்டியே இருந்தாலும், 'எங்களுக்குத் தேவையில்லை' என்று லைசென்ஸ் அதிகாரிகளின் இணையதளத்தில் தெரிவித்துவிடலாம்.

நம் வீட்டுப் பிள்ளைகள் தவறுகிற இடம் இதுதான். "நாங்கள் பி.பி.சி. பார்ப்பதே இல்லை, தமிழ்தான் பார்க்கிறோம், எங்களுக்கென்ன?" என்று அந்தப் பையனும் சொன்னான். தகப்பனார் இங்கே கட்டிய சந்தாவைக் கொண்டு, சென்னை அலைவரிசை ஒன்றைக் கைபேசியில் அந்தந்த நேரத்திலேயே பார்த்துவந்திருக்கிறார்கள். கிரிக்கெட் பந்தயமும் அவ்வாறே. அயல்நாட்டு ஒளிபரப்பென்றாலும் விதி ஒன்றே என்பதை அவர்கள் அறிந்திருக்கவில்லை. நேரலை என்பதற்குப் பந்தயத்தையோ செய்தியையோ மட்டும் பொருளாகக் கொள்வதும் சரியன்று. முப்பது வருஷத்துப் பழைய படமேயாயினும், அலைவரிசையில் அந்த நேரத்தில் ஓடும்போது பார்த்தால் அதுவும் அடங்கும். தீபாவளிப் பட்டிமன்றத்தை ஒளிபரப்பாகும் வேளையில் பார்ப்பதற்கு லைசென்ஸ் வேண்டும். மறுநாள் யூடியூபில் ஏற்றிய பின் பார்ப்பதற்கு வேண்டாம். வேடிக்கையான வேற்றுமைதான். ஆனால் சட்டம் அப்படித்தான் இருக்கிறது.

உடன் படிக்கும் ஆங்கிலேயப் பிள்ளைகள் சொல்வதை நம்புவதிலும் ஓர் அபாயம் உண்டு. "என் தாயார் வீட்டு லைசென்ஸே எனக்குப் போதும்" என்பார்கள். அவர்கள் அளவில் அது உண்மை. விடுமுறையில் தங்கும் பெற்றோர் வீட்டுக்கு லைசென்ஸ் இருந்து, மாணவர் பார்க்கும் கருவி அதன் உள்ளே உள்ள பாட்டரியால் மட்டும் இயங்கி, மின்சாரத்திலோ ஆண்டெனாவிலோ செருகப்படாமல் இருந்தால் அவருக்குத் தனியாக வேண்டாம். சார்ஜரைச் செருகிக்கொண்டு பார்த்தால் அந்தச் சலுகையும் போயிற்று! நம் பிள்ளைகளின் பெற்றோர் வீடுகளோ கல்யாணிலும் நாக்பூரிலும் இருக்கின்றன. இவ்வீடுகளுக்கு ஏது அந்த லைசென்ஸ்? ஆகையால் இச்சலுகை நம்மவர்க்குப் பயன்படாது.

பல்கலைக்கழக விடுதியில் தங்குகிறவர்கள் நிலை வேறு. நம் சங்கத்து உறுப்பினர் ஒருவரின் மகள் அவ்வாறு ஒரு விடுதியில் தனியறையில் இருக்கிறாள். பொதுக் கூடத்துப் பெட்டிக்கு நிர்வாகத்தார் லைசென்ஸ் எடுத்திருப்பதால் தன் அறைக்கும் அதுவே செல்லும் என்று எண்ணியிருந்தாள். செல்லாது, அறைக்கு அறை தனிக் கணக்கு. விஷயம் தெரிந்ததும், பந்தயமென்றால் கூடத்துக்குப் போவது, மற்றவற்றைப் பிறகு பார்ப்பது என்று ஏற்பாடு செய்துகொண்டாள். ஒரு காசு செலவில்லை.

லைசென்ஸ் இன்றிப் பார்ப்பது அங்கே குற்றம். வழக்குத் தொடர்ந்தால் 1,000 பவுண்டு வரை அபராதம் விதிக்கலாம். செலவுத் தொகையும் சேரும். அயல்நாட்டு மாணவர்க்கு, அடுத்த விசா மனுவில் தண்டனை விவரம் கேட்கப்படும் என்ற கவலையும் உண்டு. ஆயினும் கடிதம் வந்தவுடன் நடுங்கவேண்டியதில்லை. விசாரிக்க வரும் அலுவலர் நீதிமன்ற வாரண்டு இல்லாமல், குடியிருப்பவர் சம்மதமின்றி உள்ளே நுழைய இயலாது. இப்பெயரில் பாங்கிக் கணக்கு விவரம் கேட்டு வரும் மின்னஞ்சல்களில் மோசடியும் மிகுதி. அவற்றிலுள்ள இணைப்பைத் தொடாமல், அதிகாரபூர்வமான தளத்தைத் தாமே திறந்து பார்க்கவேண்டும்.

லெஸ்டர் பையன்கள் கிரிக்கெட்டை விடுவதாயில்லை. ஆகவே நம் அன்பர் குமாரன் பெயரிலேயே ஒரு லைசென்ஸ் எடுத்தார்கள். பங்கைக் கொடுக்க ஒருவன் சற்று இழுத்தடித்தானாம். எங்கும் அப்படி ஒருவர் உண்டு. லைசென்ஸ் எவர் பெயரில் இருக்கிறதோ அவர் வீடு மாறும்போது அதைப் புது விலாசத்துக்குக் கொண்டுபோய்விடலாம். எஞ்சி இருப்பவர்கள் வேறு எடுக்கவேண்டும். இதையும் முன்னதாகப் பேசி முடித்துக்கொள்வது நலம். படிப்பு முடிந்து ஜூனிலோ ஜூலையிலோ ஊர் திரும்புகிறவர்களுக்கு, கெடுவில் முழு மாதம் ஒன்றேனும் மிஞ்சியிருந்து, அதற்குள் மறுபடி தேவையிராதென்றால், அந்த மாதங்களுக்குரிய பணத்தைத் திரும்பக் கேட்கலாம். பெட்டி கட்டும் அவசரத்தில் பலர் இதை மறந்துவிடுகிறார்கள். பையனின் திரும்பும் டிக்கெட் தேதியை நம் அன்பர் நாட்காட்டியில் குறித்து, அதற்கு முந்தைய வாரத்தில் 'லைசென்ஸ் பணம்' என்று எழுதிவைத்திருக்கிறார்.