குருவி பார்ப்பதும் கமக்காரன் வேலைதான்
பறவைக் கழகங்களும் கிராமத்து இயற்கைக் கல்வியும்

"கூரைக்குத் தகரம் இல்லை, காணிக்கு உறுதி இல்லை, இந்த நிலையில் குருவி பார்க்கக் கூட்டமா?" பறவைகளைப் பற்றி ஒரு பேச்சு வைப்போம் என்று சொன்னால் எமது கிராமங்களில் முதலில் எழும் கேள்வி இதுதான். நியாயமான கேள்வி. இடம்பெயர்ந்து உறவினர் வளவில் இருப்பவருக்கும், மீளக்குடியேறிப் பற்றை வெட்டிப் புதிதாகத் தொடங்குபவருக்கும் நேரம் பெரிய செல்வம். அதைச் செலவிடச் சொல்பவர் காரணம் சொல்ல வேண்டும். அந்தக் காரணத்தை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பறவைக் கழகம் என்பது என்ன?

பறவைகளை அவதானித்து, எண்ணி, எழுதி வைத்து, அறிந்ததை மற்றவர்களுக்குச் சொல்லும் மக்களின் கூட்டே பறவைக் கழகம். எமது நாட்டில் இது புதிய காரியம் அல்ல. இலங்கைப் பறவைக் கழகம் 1943இல் தொடங்கப்பட்டது. அதன் உறுப்பினர்கள் நாட்டின் பல பாகங்களிலும் கண்டவற்றைக் குறிப்புகளாக வெளியிட்டு வந்துள்ளனர். 1976இல் இலங்கைக் களப் பறவையியல் குழு உருவானது. கொழும்புப் பல்கலைக்கழக விலங்கியல் துறையைத் தளமாகக் கொண்ட இக்குழு பொதுமக்களுக்கான பேச்சுக்கள், பயிற்சி வகுப்புகள், களப் பயணங்கள் ஆகியவற்றை நடத்தி வருகிறது.

இப்பேச்சுக்கள் படித்தவர்களுக்கு மட்டும் உரியவை அல்ல. மாணவர், எழுதுவினைஞர், தோட்டக்காரர், இளைப்பாறிய ஆசிரியர் எனப் பலரும் வந்து கேட்கலாம். ஒருவர் பேசுவார், படங்கள் காட்டப்படும், பின்னர் கேள்விகள் தொடரும். எங்கே எந்தப் பறவையைக் கண்டோம் என்று வந்தவர்களும் சொல்வார்கள். பேச்சாளர் ஒருவர் அறிந்ததை விட, வந்திருப்பவர்கள் எல்லோரும் சேர்ந்து அறிந்தது அதிகம் என்பதே இக்கூட்டங்களின் அடிப்படை.

எண்ணுவதால் என்ன பயன்?

இலங்கையில் சுமார் 500 இனப் பறவைகள் காணப்பட்டுள்ளன. அவற்றுள் முப்பதுக்கும் மேற்பட்டவை வேறெங்கும் இல்லாது இந்நாட்டுக்கே உரியவை. மீதியில் பெருந்தொகையானவை வலசை வருபவை. வடக்கே குளிர் தொடங்கும்போது புறப்பட்டு, ஆவணி, புரட்டாதி தொடக்கம் எமது கரைகளை அடைந்து, பங்குனி, சித்திரையில் திரும்பிச் செல்பவை.

மன்னாரில் உள்ளவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வங்காலைக் களப்பிலும் சேற்று நிலத்திலும் பூநாரைகளும் காட்டுத் தாராக்களும் கூட்டமாக இறங்குவதை அவர்கள் சிறு வயதிலிருந்தே கண்டவர்கள். 4,839 ஹெக்டேயர் பரப்புள்ள வங்காலைச் சரணாலயம் 2010இல் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ஏற்கப்பட்டது. இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட நீர்ப்பறவைகளுக்கு அது இடம் கொடுப்பது இதற்கு ஒரு காரணம். அப்படி ஒரு தொகையை யாரோ எண்ணியதால்தான் சொல்ல முடிந்தது. ஆசியாவின் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 தொடக்கம் ஒவ்வொரு தை மாதமும் பல நாடுகளில் ஒரே காலத்தில் நடைபெறுகிறது. இலங்கையில் இதை இலங்கைப் பறவைக் கழகம் ஒழுங்குசெய்கிறது. எண்ணுபவர்களிற் பலர் சம்பளம் பெறாத தொண்டர்களே.

ஒரு குளத்துக்கு வரும் பறவைகளின் தொகை ஆண்டுதோறும் குறைந்தால், அந்தக் குளத்தில் ஏதோ பிழை நடக்கிறது என்று பொருள். நீர் கெட்டிருக்கலாம், மீன் குறைந்திருக்கலாம், நஞ்சு கலந்திருக்கலாம். கொக்கு செத்து மிதக்கும் குளத்தில்தான் எமது பிள்ளைகளும் குளிக்கிறார்கள். பறவை எமக்கு முன்னறிவித்தல் தரும் காவலாளி. காவலாளியின் குரலைக் கேட்க ஒரு கொப்பியும் பென்சிலும் வேண்டும், அவ்வளவுதான்.

வயலில் உதவும் பறவைகள்

கிராமத்தில் நடக்கும் பறவைப் பேச்சு அபூர்வப் பறவைகளைப் பற்றித் தொடங்கக்கூடாது. வயலில் தொடங்க வேண்டும்.

கூகையை எடுத்துக்கொள்வோம். சாக்குருவி என்று அதைப் பயந்து கல்லெறியும் வழக்கம் இன்றும் உண்டு. கோயிற் கோபுரத்திலும், பாழடைந்த வீட்டுச் சுவரிலும், மரப்பொந்திலும் இருந்து அது இரவில் தேடுவது எலியைத்தான். குஞ்சு வளர்க்கும் காலத்தில் ஒரு சோடி ஒரே இரவில் பல எலிகளைப் பிடிக்கும். எலி நெல்லைத் தின்பதோடு நிற்பதில்லை, வயலில் இறங்குபவருக்கு எலிக்காய்ச்சலையும் கொண்டு வருகிறது. ஆகவே கூகையை விரட்டுபவர் தனக்கே கூலியின்றி வேலை செய்பவனை விரட்டுகிறார். எலிக்கு நஞ்சு வைத்தாலும் இதே கதிதான். நஞ்சுண்ட எலியைத் தின்ற கூகையும் சாகும். பின்னர் எலி பெருகும்போது பிடிக்க ஆள் இருக்காது.

எமது முன்னோர் வயலில் தென்னை மட்டையைத் தலைகீழாக நட்டு வைத்தார்கள். இரவில் ஆந்தையும் கூகையும் அதில் அமரும். பகலில் கரிக்குருவி அமர்ந்து பூச்சி பிடிக்கும். செலவில்லாத இந்த முறையை மீண்டும் செய்யலாம். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். கதிர் பால் பிடிக்கும் காலத்தில் தடிகளைப் பிடுங்கி விடுங்கள். இல்லாவிட்டால் நெல் தின்னும் குருவிகளும் கிளிகளும் அவற்றையே இருக்கையாக்கிக் கொள்ளும்.

உழவு இயந்திரத்தின் பின்னால் நடக்கும் உண்ணிக்கொக்கு, கிளறுப்பட்ட மண்ணிலிருந்து வெளிவரும் புழு பூச்சிகளைத் தின்கிறது. புலுனியும் மைனாவும் பூச்சிகளைப் பொறுக்குகின்றன. மறுபக்கம், கிளியும் நெற்குருவியும் மயிலும் நட்டம் தருவது உண்மை. அதை மறைத்துப் பேசும் பேச்சாளரைக் கமக்காரர் நம்பமாட்டார்கள். ஒரு வெளியில் உள்ளவர்கள் எல்லோரும் ஒரே காலத்தில் விதைத்தால் கதிரும் ஒரே காலத்தில் முற்றும். அப்போது குருவிகள் தின்னும் நட்டம் ஒருவர் தலையில் விழாது பலருக்குப் பங்காகும். இதனைக் கமக்காரர் அமைப்பில் பேசித் தீர்மானிக்கலாம். நஞ்சு கலந்த விதையைத் தூவுவது மட்டும் வேண்டாம். அது நட்டம் செய்யும் குருவியையும் உதவும் குருவியையும் கோழியையும் ஒன்றாகவே கொல்லும்.

பசியும் பொறியும்

இடம்பெயர்ந்த காலத்தில் பசிக்காகக் கொக்கையும் தாராவையும் பிடித்தவர்கள் எம்மத்தியில் உண்டு. அவர்களைக் குற்றவாளிகளாக்குவதற்காக இதை எழுதவில்லை. ஆனால் 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் நாட்டின் மிகப் பெரும்பாலான பறவைகளைப் பாதுகாக்கிறது என்பதை அறிந்திருக்க வேண்டும். தெரியாது என்று சொல்வதால் வழக்கிலிருந்து தப்ப முடியாது.

சட்டத்தைவிடப் பழைய அறிவுரை ஒன்றும் எமக்கு உண்டு. வேதாகமத்தில் இணைச்சட்ட நூலின் 22ஆம் அதிகாரம், வழியில் கூட்டைக் கண்டால் குஞ்சோடு தாயையும் சேர்த்து எடுக்கக் கூடாது என்று கட்டளை தருகிறது. விதைநெல்லைத் தின்னாதே என்று எமது பெரியவர்கள் சொன்னதும் இதே பொருளில்தான். நீண்ட பயணத்துக்காகக் கொழுத்து நிற்கும் தாராவை மாசி, பங்குனியில் வலை வைத்துப் பிடித்தால், அடுத்த ஆண்டு வரவேண்டியதையும் சேர்த்தே பிடித்து விடுகிறோம்.

சரணாலயமும் எமது காணியும்

பறவைப் பாதுகாப்பு என்றவுடன் எம்மவர் மனதில் எழும் பயம் ஒன்று உண்டு. "பறவைக்கு என்று சொல்லி எங்கள் காணியை எடுத்துவிடுவார்களோ?" இது வெறும் பயம் அல்ல. வங்காலை 2008இல், போர் நடந்துகொண்டிருந்த காலத்தில் சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. 1938இல் சரணாலயமாக இருந்த சுண்டிக்குளம் 2015இல் தேசிய பூங்காவானது. முசலியில் 1990இல் வெளியேற்றப்பட்டு நெடுங்காலத்தின் பின் திரும்பிய மக்கள், 2012இலும் 2017இலும் வந்த வன ஒதுக்க வர்த்தமானிகளால் காணிப் பிணக்குகளுக்கு முகம் கொடுத்தனர். ஊரில் ஆள் இல்லாத காலத்தில் கோடு போடப்பட்டால், திரும்பி வருபவருக்கு அது அநீதியாகவே தெரியும்.

எனவே இயற்கைக் கல்வியில் இந்த விடயமும் இடம்பெற வேண்டும். தேசிய பூங்காவும் சரணாலயமும் ஒன்றல்ல. தேசிய பூங்காவில் அரச காணி மட்டுமே அடங்கும், அனுமதி பெற்றே உட்செல்லலாம். சரணாலயத்தினுள் தனியார் காணியும் இருக்கலாம், அங்கே உரிமையாளர் தம் காணியில் தொழில் செய்ய இடமுண்டு. உங்கள் காணி எந்த எல்லைக்குள் வருகிறது என்பதைப் பிரதேச செயலகத்தில் வர்த்தமானியையும் வரைபடத்தையும் கேட்டுப் பாருங்கள். உறுதி, அனுமதிப்பத்திரம், பழைய வரிப் பற்றுச்சீட்டு ஆகியவற்றைப் பிரதியெடுத்துப் பாதுகாப்பாக வையுங்கள். ஆட்சேபனையை வாயால் சொல்லாது எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்பத்தையும் வாங்குங்கள்.

குளத்தையும் பறவையையும் பல்லாண்டு காத்து, அதைக் கொப்பியில் பதிந்தும் வைத்திருக்கும் கிராமம் "நாங்களே இதன் காவலர்" என்று சொல்ல முடியும். அந்தப் பதிவு இல்லாத இடத்தில் மற்றவர்கள் வந்து எமக்காகப் பேசிவிடுவார்கள்.

எப்படித் தொடங்குவது?

பத்துப் பேர் போதும். தொலைநோக்கி கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டாலும் தொடங்கலாம்.

1. கிழமையில் ஒரு நாளைத் தெரிவுசெய்து, காலை ஆறு மணிக்கும் எட்டு மணிக்கும் இடையில் ஒரே இடத்தில் நின்று அரை மணி நேரம் எண்ணுங்கள். திகதி, நேரம், இடம், பறவையின் பெயர், தொகை ஆகிய ஐந்தையும் எழுதுங்கள். தெரியாத பறவைக்குப் பெயர் ஊகிக்க வேண்டாம். நிறம், அலகு, கால், நடை ஆகியவற்றை எழுதி வையுங்கள்.

2. மாதத்தில் ஒரு பேச்சு வையுங்கள். போயா விடுமுறை வசதியானது. அயலில் உள்ள சைவ, இஸ்லாமியக் குடும்பங்களும் கூச்சமின்றி வரவேண்டும். ஆகவே பங்கு மண்டபத்தைவிட வாசிகசாலையோ பாடசாலையோ பொருத்தமாக இருக்கலாம். முக்கால் மணி நேரத்துக்கு மேல் பேச்சு வேண்டாம், மிகுதி நேரம் கேள்விகளுக்கு.

3. முதற் பேச்சாளர் வெளியிலிருந்து வரவேண்டியதில்லை. உங்கள் மத்தியில் உள்ள முதிய கமக்காரரை, களப்பு மீனவரை, முன்னாள் வேட்டைக்காரரைப் பேச வையுங்கள். அடுத்த மாதங்களில் விஞ்ஞான ஆசிரியரையும் வனசீவராசிகள் அலுவலரையும் பல்கலைக்கழக மாணவரையும் அழைக்கலாம்.

4. ஊர்ப் பெயர்களைத் திரட்டுங்கள். ஒரே பறவைக்கு ஊருக்கு ஊர் பெயர் வேறு. வேறிடத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்குத் தன் சொந்த ஊர்க் குளத்தில் என்ன பறவை வந்தது என்று தெரியாது. அதைச் சொல்லக்கூடியவர் அம்மம்மாவும் அப்பப்பாவுமே. அவர்கள் இருக்கும்போதே எழுதி வைத்தால், திரும்பிப் போகும் நாளில் அது பிள்ளைக்கு வழிகாட்டி.

5. பிள்ளைகளிடம் கெற்றப்போலை வாங்கி வைத்துப் பென்சிலைக் கொடுங்கள். கூட்டைத் தொடாது தூர நின்று வரையப் பழக்குங்கள். ஆட்காட்டி வெறுந்தரையில் முட்டையிடும் பறவை. அது தலைக்கு மேல் கத்திச் சுற்றினால் முட்டை அருகில் என்று அறிந்து வந்த வழியே திரும்ப வேண்டும்.

6. பல பறவைகள் ஒரே இடத்தில் செத்துக் கிடந்தால் தொடவோ சமைக்கவோ வேண்டாம். நஞ்சாகவோ தொற்றுநோயாகவோ இருக்கலாம். கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு அறிவியுங்கள்.

மிக முக்கியமான எச்சரிக்கை: பறவையைப் பின்தொடர்ந்து பற்றைக்குள் போகக் கூடாது. இலங்கை 2017இல் கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்து, அகற்றி முடிப்பதற்கு 2028 யூன் மாதத்தைக் காலக்கெடுவாக ஏற்றது. அதுவரை எல்லா நிலமும் துப்புரவானது என்று எண்ணிவிட முடியாது. மக்கள் நாளாந்தம் நடக்கும் பாதை, குளக்கட்டு, வயல் வரம்பு ஆகியவற்றில் மட்டும் நில்லுங்கள். மண்டையோட்டுச் சிவப்புப் பலகையைக் கண்டால் திரும்புங்கள். சந்தேகமான பொருளைத் தொடாது கிராம சேவையாளருக்கோ பொலிசாருக்கோ சொல்லுங்கள். எந்தப் பறவையும் ஒரு பிள்ளையின் காலுக்கு ஈடல்ல.

நிறைவாக

2021இல் மன்னாரில் செய்மதிக் கருவி பொருத்தி விடப்பட்ட கடற்காகம் ஒன்று இந்தியாவையும் மத்திய ஆசியாவையும் கடந்து ரஷ்யாவின் வடமுனைக் கரை வரை பறந்து சென்றது. அத்தனை நாடுகளையும் கடந்து போகும் பறவை, அடுத்த மாரியில் தேடி வருவது தான் அறிந்த அதே கரையை. அக்கரை கெட்டுப் போகாமல் இருந்தால்தான் அதற்கு மீண்டும் இறங்க இடமுண்டு.

வீடும் வயலும் இழந்தவருக்கு இதன் பொருளை யாரும் விளக்கத் தேவையில்லை. வரும் கிழமை ஒரு காலையில் குளக்கட்டுக்குப் போகும்போது பிள்ளையையும் ஒரு கொப்பியையும் கூட்டிச் செல்லுங்கள். காணும் முதற் பறவையின் பெயரை நீங்கள் சொல்லுங்கள், பிள்ளை எழுதட்டும். உங்கள் ஊரின் பறவைக் கழகம் அன்றே தொடங்கிவிட்டது.