விடிய விடிய ஓடணும் கேமரா... பேட்டரி பேக்கை நாமே செய்யலாமா?

நட்சத்திரங்கள் வானத்தில் வட்டமடிப்பதைப் படம்பிடிக்க, கேமராவை ட்ரைபாடில் பூட்டி மூன்று நான்கு மணி நேரம் தொடர்ந்து க்ளிக் செய்துகொண்டே இருக்க வேண்டும். நடுவில் பேட்டரி தீர்ந்தால்? மாற்றுவதற்கு ஒரு நிமிடம் போதும்தான். ஆனால், அந்த ஒரு நிமிடம் ஒளிக்கோடுகளில் இடைவெளியாகத் தெரியும். மூடியைத் திறக்கும்போது கேமரா நூலளவு நகர்ந்தாலும் அத்தனை உழைப்பும் வீண். லடாக்கின் ஹான்லே போன்ற, 4,000 மீட்டருக்கும் மேலான இடங்களில் இன்னும் கஷ்டம். குளிரில் லித்தியம் பேட்டரி சீக்கிரமே படுத்துவிடும்.

இதற்காகவே சிலர், கேமராவுக்கு வெளியே ஒரு பெரிய பேட்டரியைத் தாங்களே செய்துகொள்கிறார்கள். அதற்கு முதல் தேவை, 'டம்மி பேட்டரி'. ஒரிஜினல் பேட்டரியின் அதே வடிவத்தில் இருக்கும் பிளாஸ்டிக் கட்டை இது. உள்ளே சார்ஜ் எதுவும் கிடையாது. ஒயர் மட்டும் வெளியே நீளும். அந்த ஒயருக்கென்றே பல கேமராக்களில் குட்டி ரப்பர் மூடி உண்டு (பலர் அதைக் கவனித்தே இருக்க மாட்டார்கள்!). ஒயரின் மறுமுனையில் பேக். குளிர் அதிகம் என்றால் அதைக் கம்பளியில் சுற்றி வைக்கலாம்.

பேக்கின் உள்ளே இருப்பவை '18650' செல்கள். 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம் என்பதால் அந்தப் பெயர். ஒரு செல் 3.6 வோல்ட். கேனானின் எல்.பி-இ6என் பேட்டரி 7.2 வோல்ட் என்பதால், இரண்டு செல்களைத் தொடராக இணைத்தால் கணக்கு சரி. 3,000 எம்.ஏ.ஹெச் செல்கள் நான்கை இரண்டிரண்டாக இணைத்தால், 6,000 எம்.ஏ.ஹெச் கிடைக்கும். ஒரிஜினலில் இருப்பது 1,865தான். அதாவது, மூன்று மடங்கு!

உஷார்... உஷார்!

கேட்க எளிதாக இருந்தாலும், இது விளையாட்டல்ல. செல்லுக்கு 4.2 வோல்ட்டைத் தாண்டி சார்ஜ் ஏறினால் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. அதைத் தடுப்பது 'பி.எம்.எஸ்' என்ற சிறிய சர்க்யூட் போர்டு. அது இல்லாமல் பேக் செய்யவே கூடாது. செல் மீது நேரடியாகச் சால்டரிங் வைத்தால், சூட்டில் உள்பாகம் கெடும். நிக்கல் பட்டையை ஸ்பாட் வெல்டிங் செய்வதே முறை. சார்ஜரும் இரண்டு செல் லித்தியத்துக்கான 8.4 வோல்ட் சார்ஜராகவே இருக்க வேண்டும். கேமராவில் செருகும் முன் மல்டிமீட்டரில் பிளஸ், மைனஸைச் சரிபார்க்க வேண்டும். மாறிப்போனால், பல ஆயிரம் ரூபாய் கேமரா ஒரே நொடியில் போய்விடலாம்.

செல் வாங்குவதிலும் ஏமாற்று உண்டு. '9,900 எம்.ஏ.ஹெச்' என்று அச்சிட்ட 18650 செல் கண்ணில் பட்டால், நகர்ந்துவிடுங்கள். நல்ல கம்பெனி செல்களே பெரும்பாலும் 2,500 முதல் 3,500 வரைதான். பழைய லேப்டாப்பிலிருந்து பிரித்த செல்களும் வேண்டாம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவுக்குத் தேய்ந்திருக்கும்.

விமானத்தில் செல்பவர்கள், இதை கைப்பையில்தான் வைக்க வேண்டும். செக்-இன் பெட்டியில் அனுமதி இல்லை. 100 வாட் ஹவர் வரம்புக்குள் இந்த நான்கு செல் பேக் (சுமார் 43) அடங்கிவிடும். ஆனாலும், லேபிள் இல்லாத வீட்டுத் தயாரிப்பைப் பார்த்து அதிகாரிகள் கேள்வி கேட்கலாம்.

மல்டிமீட்டர் பிடித்துப் பழக்கமில்லாதவர்களுக்கு, யு.எஸ்.பி-சி டம்மி பேட்டரியும் 'பி.டி' வசதியுள்ள பவர்பேங்க்கும்தான் நல்ல வழி. ஒன்றே ஒன்று... கேமரா இழுக்கும் மின்சாரம் குறைவாக இருந்தால், சில பவர்பேங்க்குகள் தானாகவே அணைந்துவிடும். மலையேறும் முன், வீட்டு மொட்டைமாடியில் ஓர் இரவு ஓடவிட்டுப் பாருங்கள்.