வீட்டுச் சமையலைப் பிள்ளைகளுக்குப் பழக்குவோம்



நாற்றங்கால் போடுவது எப்படி, மேலுரம் எப்போது வைப்பது என்றெல்லாம் அடிக்கடி பேசுகிறோம். வயலில் விளைந்த நெல்லும் உளுந்தும் காய்கறியும் கடைசியில் வந்து சேருகிற இடம் அடுப்பங்கரை. அந்த அடுப்பங்கரை வேலையை ஒருவர் எப்படிப் பழகிக்கொள்கிறார் என்பதை இன்று பார்ப்போம்.

இதற்கு இப்போது என்ன அவசரம் என்று கேட்கலாம். தாமிரபரணிக் கரை ஊர்களிலிருந்து பிள்ளைகள் படிப்புக்கும் வேலைக்கும் சென்னை, கோயம்புத்தூர், திருப்பூர் என்று போய்விடுகிறார்கள். ஊரில் இருக்கிறவரை, "நீ போய்ப் படி, அடுப்படிக்கு வராதே" என்று அனுப்பிவிடுகிறோம். போன இடத்தில் ஓர் உலை வைக்கத் தெரியாமல் மூன்று வேளையும் கடைச் சாப்பாடு. காசும் கரைகிறது, வயிறும் கெடுகிறது. இங்கே தாயார் நாலு நாள் காய்ச்சலில் படுத்தால் வீட்டில் அடுப்பு எரியாது. அவர் காலத்துக்குப் பிறகு அந்தக் கைப்பக்குவமும் அவரோடு போய்விடும்.

சமையலை யாரும் பாடம் நடத்திச் சொல்லிக் கொடுப்பதில்லை. உழவு மாதிரிதான் அதுவும். மண் பதமாக இருக்கிறதா என்று ஒரு பிடி மண்ணை எடுத்து நசுக்கிப் பார்த்துச் சொல்கிறீர்கள். அதை எந்தப் புத்தகத்தில் படித்தீர்கள்? அப்பா கூடவே வயலில் நின்று பழகியது. சமையலும் கூடவே நின்று பழகுவது. "எவ்வளவு உப்பு?" என்று அம்மாவிடம் கேட்டால், "கண்ணளவுதான், வேற என்னத்தச் சொல்ல" என்பார். அவருக்குச் சொல்ல மனமில்லை என்று நினைக்க வேண்டாம். கைக்குத் தெரிந்தது வாய்க்கு வரவில்லை, அவ்வளவுதான்.

நம் முன்னோர்கள் இந்தப் பழக்கத்தை விளையாட்டாகவே ஆரம்பித்து வைத்தார்கள். நெல்லை, தூத்துக்குடிப் பக்கம் சிறுவீட்டுப் பொங்கல் உண்டு. மார்கழி முழுக்க வாசலில் வைத்த பூக்களைச் சாணத்தோடு தட்டிக் காயவைத்துச் சேர்ப்பார்கள். தை பிறந்து பெரிய பொங்கல் கழிந்தபின், வாசலில் மண்ணால் சிறுவீடு கட்டி, பெண்பிள்ளைகள் சின்னப் பானையில் தாங்களே பொங்கலிடுவார்கள். பிறகு அந்தப் பூத்தட்டுகளை ஆற்றில் விடுவார்கள். விளையாட்டுக்கு விளையாட்டு, சாமிக்குச் சாமி. அதற்குள்ளேயே உலை வைக்கிற பழக்கமும் வந்துவிடும். வீட்டுக்கு வீடு அரிசி, பருப்பு, காய் வாங்கிவந்து பிள்ளைகள் ஆக்குகிற கூட்டாஞ்சோறும் அப்படித்தான். எல்லாம் ஒரே பானையில் வேகிறதால் முதலில் பழகுவதற்கு அது நல்ல சமையல்.

இனி, படிப்படியாகப் பழக்குவது எப்படி? ஆறு, ஏழு வயதில் பூண்டு தொலிக்கவும் கீரை ஆயவும் விடுங்கள். ஒன்பது, பத்து வயதில் புளி கரைக்க, தேங்காய் துருவ, துவையலுக்கு எள் வறுக்கும்போது பக்கத்தில் நின்று கவனிக்கச் சொல்லுங்கள். பன்னிரண்டு வயதுக்கு மேல், நீங்கள் அருகில் நின்று, உலை வைக்கவும் தாளிக்கவும் பழக்கலாம். கஞ்சி வடிப்பதையும் குக்கர் திறப்பதையும் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். ஆவியும் கொதிகஞ்சியும் பொல்லாதவை.

வேலையைச் செய்யச் சொன்னால் மட்டும் போதாது. பதத்தைக் காட்ட வேண்டும். பதம் என்பது கண், காது, மூக்கு, விரல் நான்குக்கும் தெரிகிற அடையாளம். கடுகு வெடித்து அடங்குகிற சத்தம் கேட்டபின் உளுந்தம்பருப்பு போடு. பருப்பு சிவந்தபின் கறிவேப்பிலை. புளியின் பச்சை வாடை போனால் குழம்பு ஆயிற்று. சோற்றை விரலால் நசுக்கு, நடுவில் கடுக்கென்று இருந்தால் இன்னும் பொறு. இப்படி அந்தந்த நேரத்தில் ஒரு வார்த்தை சொன்னால் பிள்ளை மறக்காது.

கடிகாரத்தை மட்டும் நம்பக்கூடாது என்பதையும் காரணத்தோடு சொல்லுங்கள். மாசி, பங்குனியில் அறுத்த பிசான நெல்லை உடனே அரைத்தால் அந்தப் புது அரிசி சீக்கிரம் குழைந்துவிடும். தண்ணீரைக் குறைக்க வேண்டும். பழைய அரிசி கூடுதல் தண்ணீர் குடிக்கும், சோறும் அதிகம் காணும். ரகத்துக்கு ரகமும் மாறும். அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1986-இல் வெளிவந்த அம்பை 16 குண்டு ரகம். சன்ன அரிசிக்கு வைத்த கணக்கு அதற்கு அப்படியே பொருந்தாது. இட்லி மாவும் சித்திரையில் சீக்கிரம் பொங்கும், மார்கழிக் குளிரில் தாமதிக்கும்.

நம் ஊர்ச் சொதியை எடுத்துக்கொள்ளுங்கள். கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்கு வைக்கிற சொதி. தேங்காயை மூன்று முறை பிழிந்து, மூன்றாம் பாலில் காயை வேகவிட்டு, இரண்டாம் பால் சேர்த்து, கடைசியில்தான் கெட்டியான முதல் பாலை ஊற்றுகிறோம். ஓரத்தில் நுரை கட்டியதும் இறக்கிவிடுகிறோம். ஏன்? தேங்காய்ப் பால் என்பது எண்ணெயும் தண்ணீரும் கலந்து நிற்பது. அதிலுள்ள புரதம்தான் இரண்டையும் சேர்த்துப் பிடித்திருக்கிறது. கொதித்தால் அந்தப் பிடி விட்டு, பால் திரிந்து எண்ணெய் தனியாக மிதக்கும். புளிப்பும் பாலைத் திரிக்கும். அதனால்தான் எலுமிச்சம்பழச் சாற்றைச் சூடு தணிந்தபின் பிழிகிறோம். காரணம் தெரிந்த பிள்ளை, அம்மா பக்கத்தில் இல்லாவிட்டாலும் சொதியைக் கெடுக்காது.

பிள்ளை வெளியூர் போய்விட்டால் என்ன செய்வது? எழுதிக் கொடுக்க வேண்டியதுதான். மீனாட்சி அம்மாள் 1951-இல் வெளியிட்ட 'சமைத்துப் பார்' அப்படிப் பிறந்த புத்தகம்தான். இதை எப்படிச் செய்வது, அதை எப்படிச் செய்வது என்று சொந்தக்காரர்கள் அவரிடம் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். உறவினர் கே. வி. கிருஷ்ணசாமி ஐயர், எல்லாவற்றையும் புத்தகமாகவே எழுதிவிடு என்று தூண்டினார். வீட்டில் பெரியவர்கள் இல்லாத எத்தனையோ இளம் பெண்களுக்கு அது துணையாக இருந்தது.

உங்கள் வீட்டுக் கணக்கையும் அதேபோல் எழுதி வைக்கலாம். அம்மா ஒரு பிடி அள்ளினால் பானையில் போடுமுன் ஒரு தட்டில் வாங்கிக்கொள்ளுங்கள். கரண்டியால் அளந்து எழுதுங்கள். மூன்று தடவை அளந்தால் அவர் கைக்கணக்கு பிடிபட்டுவிடும். உளுந்தஞ்சோற்றுக்கு ஓர் உழக்கு அரிசி என்றால் அரை உழக்குத் தொலி உளுந்து என்பது பல வீடுகளில் உள்ள கணக்கு. உங்கள் வீட்டில் பூண்டு எத்தனை பல், வெந்தயம் எவ்வளவு என்பதை உங்கள் அம்மாவிடம்தான் கேட்க வேண்டும். செல்போனில் ஆயிரம் சமையல் படம் வருகிறது. பார்த்துக்கொள்ளலாம், தப்பில்லை. ஆனால் புளியின் பச்சை வாடை போயிற்றா என்று செல்போன் சொல்லாது.

கடைசியாக ஒன்று. சிறுவீட்டுப் பொங்கலில் பானை பெண்பிள்ளை கையில்தான் இருந்தது. இன்று பையனும் வெளியூர் போகிறான், அவனுக்கும் பசிக்கிறது. கல்யாணப் பந்திக்கு ஆயிரம் பேருக்குச் சமைக்கிற தவசுப்பிள்ளைகள் ஆண்கள்தானே! ஆகவே, "ஏட்டி, இங்க வா" என்று மகளைக் கூப்பிடுகிற தாய்மார்கள், "ஏலே, நீயும் வால" என்று மகனையும் கூப்பிட வேண்டும். தகப்பனார்களும் அதைத் தடுக்கக் கூடாது.

வருகிற ஞாயிற்றுக்கிழமையே ஒரு வேளை உலையைப் பிள்ளையிடம் விட்டுப் பாருங்கள். சோறு குழைந்தாலும் முகம் சுளிக்காமல் சாப்பிடுங்கள். அடுத்த வாரம் குழையாது.