உதடே சீவாளி

நாகஸ்வரத்தில் நாலைந்து சீவாளிகள் கோத்துத் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். ஒன்று நைந்தால் இன்னொன்றைச் செருகிக்கொள்ளலாம். டிரம்பெட்டில் அந்த வசதி கிடையாது. ஊதுபவரின் இரண்டு உதடுகள்தான் அதன் சீவாளி. வாலாஜாபேட்டையில் கல்யாண ஊர்வலத்து பேண்டு செட்டைக் கேட்டு மயங்கி, பழைய டிரம்பெட் ஒன்றை வாங்கிவரும் பிள்ளைக்கு முதலில் சொல்லவேண்டியது இதைத்தான். தினசரி சாதகத்தை எப்படி வகுத்துக்கொள்வது என்பதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

பித்தளை தானாக ஒலிப்பதில்லை. மூச்சு உதடுகளைப் பிரிக்கிறது, தசை அவற்றைச் சேர்க்கிறது. இப்படித் திறந்து மூடித் துடிக்கும் உதடுகள்தான் ஒலியின் பிறப்பிடம். சுருண்டிருக்கும் குழாயை நீட்டிப் பார்த்தால் ஏறத்தாழ 1.4 மீட்டர் வரும். அதற்குள் நிற்கும் காற்று எல்லாத் துடிப்பையும் ஏற்காது. தன் நீளத்துக்குப் பொருந்துவதை மட்டும் வாங்கிப் பெரிதாக்கும். வழக்கமான பி-பிளாட் டிரம்பெட்டில் அவை நொடிக்குச் சுமார் 233, 349, 466, 583, 699 துடிப்புகள். விகிதமாகப் பார்த்தால் 2, 3, 4, 5, 6. நம் காதுக்கு அது ச, ப, மேல் ச, அந்தர காந்தாரம், மறுபடி ப! விரலை அசைக்காமலே இத்தனையும் வரும். யாரும் கூட்டிவைக்காமல் ஒரு வெற்றுக்குழாய்க்குள் சட்ஜமும் பஞ்சமமும் காந்தாரமும் குடியிருப்பது எனக்கு இன்றைக்கும் தீராத வியப்பு. நம் கோயில்களின் கொம்பும் எக்காளமும் இந்த இயற்கை வரிசையை மட்டும் நம்பியே முழங்குகின்றன. இடையில் விடுபட்ட சுரங்களுக்கு வழி செய்தவை வால்வுகள். ஹைன்ரிஷ் ஸ்டோல்ட்செல், ஃப்ரீட்ரிஷ் ப்ளூமெல் என்ற இருவர் 1818-இல் பிரஷ்யாவில் அவற்றுக்குக் காப்புரிமை பெற்றார்கள். மூன்று வால்வுகள், ஏழு குழாய் நீளங்கள். மிச்சமெல்லாம் உதட்டின் வேலை.

அந்த உதடோ மெல்லிய தசை. மேல் சுரம் வராதபோது கை தன்னையறியாமல் மவுத்பீஸை முகத்தோடு அழுத்தும். அப்போது ரத்த ஓட்டம் குறைகிறது. துடிக்கவேண்டிய சதை பல்லுக்கும் உலோகத்துக்கும் நடுவே சிக்கி மரத்துப்போகிறது. புதிதாகக் கற்பவர் மூச்சுவிடாமல் ஒரு மணி நேரம் ஊதினால், பிற்பாதி முழுவதும் அழுத்தி ஊதும் தவறான பழக்கத்துக்கே சாதகம் செய்கிறார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொள்வது இதைவிட மோசம்.

காலையில் பதினைந்து நிமிடம், மாலையில் பதினைந்து, இரவு சாப்பாட்டுக்கு முன் பத்து. முதல் மாதங்களுக்கு இது போதும். எவ்வளவு நேரம் ஊதினோமோ அவ்வளவு நேரம் வாத்தியத்தை மடியில் வைத்துச் சும்மா இருக்கவும் வேண்டும். அது வீணான நேரமல்ல. புதிய அசைவை மூளை பதித்துக்கொள்ளும் வேலை இடைவெளியிலும் தூக்கத்திலும் நடந்துகொண்டேயிருக்கிறது.

காலையில் மவுத்பீஸை மட்டும் எடுத்து உதட்டைத் துடிக்கவிடுங்கள். பிறகு வாத்தியத்தில் நடு ஸ்தாயிச் சுரம் ஒன்றை, பாட்டுக்காரர் அகார சாதகம் செய்வதுபோல, மெதுவாக, நீளமாக. மெதுவாக என்பதுதான் இதில் கடினம். குறைந்த காற்றில் துடிப்பு அறுந்துபோகாமல் காக்கும் கட்டுப்பாடு வந்துவிட்டால், உரக்க ஊதுவதும் எளிதாகிவிடும். மாலையில் வால்வைத் தொடாமல் சட்ஜத்திலிருந்து பஞ்சமத்துக்கு ஏறி இறங்குங்கள். உதட்டின் இறுக்கத்தையும் காற்றின் வேகத்தையும் நுணுக்கமாக மாற்றக் கற்றுத்தருவது இந்தப் பயிற்சிதான். என்னைக் கேட்டால் எதை விட்டாலும் இதை விடக்கூடாது. அடுத்து வால்வுகளோடு சங்கராபரணத்தில் சரளி வரிசை. இரவுக்குப் பிடித்த சினிமாப் பாட்டு. முடிவில் தாழ்ந்த சுரங்கள் சிலவற்றை மென்மையாக ஊதினால் இறுகிய தசை தளரும்.

வேலூர்ப் பக்கத்து வெயிலுக்கு ஒரு கணக்கு உண்டு. 20 டிகிரியில் ஒலி நொடிக்கு 343 மீட்டர் போகும்; 40 டிகிரியில் ஏறக்குறைய 355. சூட்டில் பித்தளை விரிவதால் குழாய் அரை மில்லிமீட்டர் நீள்கிறது, அது சுருதியைத் தாழ்த்தப் பார்க்கிறது. காற்றோ அதைப் பலமடங்கு மிஞ்சி உயர்த்திவிடுகிறது. ஊதுபவரின் மூச்சுச்சூடும் குழாய்க்குள் சேர்கிறது. அதனால் வாத்தியத்தைக் கையில் எடுத்தவுடன் சுருதி சேர்க்காதீர்கள். ஐந்து நிமிடம் ஊதி உள்ளே சூடு நிலைக்கட்டும். அதற்குள் சேரும் நீரை வடித்துவிடுங்கள். எச்சில் என்று முகம் சுளிக்கவேண்டாம், பெரும்பாலும் அது மூச்சின் ஈரம் உலோகத்தில் குளிர்ந்து படிந்ததுதான். மார்கழி விடியலில் உள்ளே தள்ளிவைத்த டியூனிங் ஸ்லைடைச் சித்திரை மதியத்தில் சற்று வெளியே இழுக்கவேண்டிவரும். எவ்வளவு என்பதைச் சுருதிப்பெட்டியை ஒலிக்கவிட்டுக் காதாலேயே கண்டுகொள்ளுங்கள்.