இழையின் பெயர் அறிந்து வாங்குவோம்

ஜவுளிக் கடையில் துணியைக் கையில் எடுத்ததும் நிறம் பார்க்கிறோம், கரை பார்க்கிறோம், விலை கேட்கிறோம். அது எந்த இழையால் ஆனது என்று கேட்பவர் சிலரே. ஆயினும் துணியின் விலை, உழைப்பு, ஆயுள் மூன்றையும் தீர்மானிப்பது இழையே.

இயற்கை தந்தவை

பருத்தியை நெய்து உடுத்துவதில் இந்தியாவின் மரபு மிகத் தொன்மையானது. மொகஞ்சதாரோவில் வெள்ளிக் கலம் ஒன்றில் ஒட்டியிருந்த பருத்தித் துணித் துணுக்கு இதற்குச் சான்று. பருத்தி வியர்வையை உறிஞ்சும். ஆனால் எளிதில் கசங்கும். பட்டோ, ஒரு கூட்டிலிருந்து பல நூறு மீட்டர் நீளத்திற்கு அறுபடாமல் வரும் இழை. ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான கூடுகள் தேவைப்படுவதால் அதன் விலையும் உயர்வு.

பட்டுக்கு மாற்று தேடிய பயணம்

செயற்கை இழைகளின் தொடக்கம் பட்டின் மீது கொண்ட ஆசையே. 19-ஆம் நூற்றாண்டில் பிரான்சில் பட்டுப்புழுக்களை நோய் தாக்கியது. அந்நாட்டின் சார்டொன்னே மரக்கூழிலிருந்து செய்த செயற்கைப் பட்டை 1889-இல் பாரிஸ் கண்காட்சியில் காட்டினார். அது எளிதில் தீப்பற்றியது. 1892-இல் இங்கிலாந்தில் கண்டறியப்பட்ட விஸ்கோஸ் முறையே நிலைத்தது. ரேயான் என நாம் அறிவது இதனையே. இந்தியாவில் 1954-இல் மத்தியப் பிரதேசத்தின் நாக்தாவில் விஸ்கோஸ் இழை உற்பத்தி தொடங்கியது.

ரேயானின் மூலப்பொருள் மரம். 1935-இல் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் கரோதர்ஸ் உருவாக்கிய நைலானோ முழுவதும் வேதிப்பொருள்களால் ஆனது. 1940-இல் அது பட்டுக் காலுறைகளின் இடத்தைப் பிடித்தது. உலகப் போரில் பாராசூட் துணியாயிற்று. 1941-இல் இங்கிலாந்தின் வின்ஃபீல்டும் டிக்சனும் பாலியெஸ்டர் இழையைக் கண்டனர். அதனைப் பருத்தியுடன் கலந்து நெய்த டெரிகாட்டன் சட்டை, கசங்காமையாலும் நெடுநாள் உழைப்பாலும் நம் நாட்டு நடுத்தரக் குடும்பங்களின் விருப்பமாயிற்று. இன்று உலக இழை உற்பத்தியில் பாதிக்கு மேல் பாலியெஸ்டர். பருத்தி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே.

குறை எங்கே?

பாலியெஸ்டர் பெட்ரோலியத்திலிருந்து வருகிறது. சலவையில் நுண்துகள்களை உதிர்க்கிறது. பருத்தியும் மிகுந்த நீரையும் பூச்சிமருந்தையும் கேட்கிறது. ஆகவே, எந்த இழையையும் முற்றிலும் நல்லதென்றோ தீயதென்றோ ஒதுக்க இயலாது. பெயரை மறைத்து விற்பதே குறை. ஆர்ட் சில்க் என்னும் செயற்கைப் பட்டு அப்பெயரிலேயே விற்கப்பட்டால் குறைந்த விலையில் அழகு தரும் துணி. தூய பட்டு என விற்கப்பட்டால் வாங்குபவர் பணம் இழக்கிறார். உண்மையான பட்டு நெய்யும் நெசவாளர் தம் கூலியை இழக்கிறார். தறிக்கும் நூலுக்கும் கடன் பெற்ற நெசவாளர் தவணை செலுத்துவது அக்கூலியிலிருந்துதான்.

அறிந்துகொள்ள வழி

துணி ஓரத்து நூல் ஒன்றைப் பிரித்து, இடுக்கியால் பிடித்து, கவனமாகக் கொளுத்திப் பார்க்கலாம். பட்டு, முடி கருகும் வாடையுடன் எரிந்து, நொறுங்கும் கரியாகும். பருத்தியும் ரேயானும் தாள்போல் எரிந்து மென்சாம்பலாகும். பாலியெஸ்டரும் நைலானும் உருகிக் கடினமான மணியாகும். கலப்பு நூலில் இச்சோதனை தெளிவான விடை தராது.

இதனினும் எளிய வழி, மத்திய பட்டு வாரியத்தின் முயற்சியால் 2004-இல் தொடங்கப்பட்ட சில்க் மார்க் முத்திரையைக் கேட்டு வாங்குவது. இழையின் பெயரையும் கலப்பு விகிதத்தையும் ரசீதில் எழுதித் தரச் சொல்லலாம். ஜவுளி வணிகம் செய்யும் நம் வாடிக்கையாளர்கள் இவற்றைக் கேட்குமுன்பே எழுதித் தந்தால், வாங்குபவரின் நம்பிக்கை வளரும். நெசவாளருக்குரிய விலையும் அவரைச் சென்றடையும்.