‘வேலை முடிஞ்சது’னு கம்ப்யூட்டர் சொன்னா நம்பிடலாமா? - ஒளி பட்ட பொருளுக்குள் எட்டிப்பார்க்கும் பயிற்சி

இந்த வரியை போனில்தானே படிச்சுக்கிட்டு இருக்கீங்க? அப்படின்னா, இந்த நொடியில் ரெண்டு இடத்தில் ஒரே மாதிரி சம்பவம் நடக்குது.

ஒன்று, உங்கள் ஸ்கிரீனில். அது ஓஎல்இடி டிஸ்ப்ளேவாக இருந்தால், அதில் உள்ள மூலக்கூறுகள் மின்சாரத்திலிருந்து ஆற்றலை வாங்கி, அதை ஒளியாக வெளியே விடுகின்றன. இன்னொன்று, உங்கள் கண்ணில். விழித்திரையில் இருக்கும் ரெட்டினால் என்ற மூலக்கூறு அந்த ஒளியை விழுங்கி, சட்டென்று தன் வடிவத்தை மாற்றிக்கொள்கிறது.

இப்படி ஆற்றலை வாங்கிக்கொண்டு ஒரு படி மேலே ஏறி நிற்பதைத்தான் ‘கிளர்வுற்ற நிலை’ என்கிறார்கள். ஏறியது ரொம்ப நேரம் அங்கே நிற்காது, இறங்கியே ஆகணும். எந்த வழியாக இறங்குகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. ஒளியாக இறங்கினால் டிஸ்ப்ளே. இறங்குவதற்குள் மின்சாரமாக இழுத்துக்கொண்டால் சோலார் செல். வெறும் சூடாகப் போனால், எல்லாம் வேஸ்ட்!

இந்த இறக்கத்தை கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுப் பார்ப்பது ஒரு தனித் துறை. அதை உட்கார வைத்துக் கற்றுக்கொடுக்கும் பயிற்சி முகாம்களும் உலகில் நடக்கின்றன.

கண் இமைக்கும் நேரம்கூட ரொம்ப அதிகம்!

ரெட்டினால் வடிவம் மாற எடுத்துக்கொள்ளும் நேரம் சுமார் 200 ஃபெம்டோ செகண்ட். ஒரு ஃபெம்டோ செகண்டை ஒரு நொடியாக இழுத்து நீட்டினால், நிஜமான ஒரு நொடி 3 கோடி ஆண்டுகளுக்கு மேல் நீளும். அவ்வளவு சின்ன நேரம் அது.

1976-ல் ஆரியே வார்ஷல் என்ற விஞ்ஞானி இந்த மாற்றத்தை கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்து, ‘ஃபெம்டோ செகண்ட் கணக்கில் முடிந்துவிடும்’ என்றார். அதை நேரடியாக அளக்கும் லேசர் கருவிகள் அப்போது இல்லை. 1991-ல் சோதனையில் அளந்தபோது, வந்த விடை 200 ஃபெம்டோ செகண்ட்! வார்ஷல் 2013-ல் வேதியியல் நோபலைப் பகிர்ந்துகொண்டவர்களில் ஒருவர்.

ஆனா, எல்லாக் கணக்கும் இப்படி அழகா வந்துடுமா? வராது. பயிற்சி தேவைப்படுவதே அதனால்தான்.

எரர் வராது... விடை மட்டும் தப்பா இருக்கும்

இத்தாலியின் ட்ரியெஸ்டே நகரில், அப்துஸ் சலாம் 1964-ல் தொடங்கிய சர்வதேசக் கோட்பாட்டு இயற்பியல் மையம் இருக்கிறது. வளரும் நாடுகளின் விஞ்ஞானிகளை மனதில் வைத்தே உருவான இடம். இங்கே குவான்டம் எஸ்பிரெஸ்ஸோ, யாம்போ போன்ற இலவச சாஃப்ட்வேர்களுக்குப் பயிற்சி முகாம்கள் நடந்திருக்கின்றன. வகுப்பில் தியரி கேட்டால் மட்டும் போதாது. லேப்டாப்பைத் திறந்து நீங்களே கணக்கை ஓட்டணும்.

பொதுவாக முதலில் கையில் கொடுக்கப்படுவது, நமக்குத் தெரிந்த சிலிக்கான். சில வரிகளில் இன்புட் ஃபைல் எழுதி ரன் கொடுத்தால், கொஞ்ச நேரத்தில் குவான்டம் எஸ்பிரெஸ்ஸோ ‘ஜாப் டன்’ என்று காட்டும். சந்தோஷமாக ஆற்றல் இடைவெளியைப் பார்த்தால், 0.5, 0.6 எலக்ட்ரான் வோல்ட் என்று வந்திருக்கும். சோதனைகளில் அளந்த மதிப்போ சுமார் 1.1. ஏறக்குறைய பாதி! ஆனால் ஸ்கிரீனில் ஒரு எரர்கூட இருக்காது.

ஏன்? அங்கே பயன்படுத்தும் ‘டென்சிட்டி ஃபங்ஷனல் தியரி’ அடிப்படையில் எலக்ட்ரான்கள் அமைதியாக இருக்கும் நிலைக்கானது. கிளர்ந்த நிலையைப் பற்றி அதனிடம் நேரடியாகக் கேட்டால், தெரியாது என்று சொல்லாமல் ஏதோ ஒரு எண்ணைக் கொடுத்துவிடும். அதைச் சரிசெய்ய ‘ஜிடபிள்யூ’ போன்ற அடுத்தகட்ட முறைகள் வேண்டும். யாம்போ அதற்குத்தான்.

அடுத்த பாடம், கட்-ஆஃப். காலேஜ் அட்மிஷன் கட்-ஆஃப் இல்லைங்க! கணக்கு எவ்வளவு நுணுக்கமாக நடக்கணும் என்று நாம் வைக்கும் அளவு. போட்டோவின் ரெசல்யூஷன் மாதிரி. குறைவாக வைத்தால் விடை மங்கலாக இருக்கும். கூட்டிக்கொண்டே போய், விடை மாறாமல் நிற்கும் இடத்தைப் பிடிக்கணும். புத்தகத்தில் ஒரே வரியில் கடந்துபோகும் இதை, நாலு தடவை தப்பாக ஓட்டினால்தான் கை பழகும்.

தாயம் உருட்டும் கம்ப்யூட்டர்

இதுவரை பார்த்தது படி எவ்வளவு உயரம் என்பது. எப்படி, எப்போது இறங்குகிறது? அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகத்தில் நடந்த முகாம்கள் இந்தக் கேள்விக்கானவை. அங்கே உருவான ‘லிப்ரா’ என்ற இலவச சாஃப்ட்வேரும் பாடத்தில் உண்டு.

இதில் பிரபலமான முறை, ஜான் டல்லி 1990-ல் வெளியிட்டது. அணுக்கருக்களைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக்கொண்டே போவார்கள். ஒவ்வொரு படியிலும் கம்ப்யூட்டர் தாயம் உருட்டுவதுபோல ஓர் எண்ணை எடுக்கும். அது வாய்ப்புக்குள் அடங்கினால், வேறொரு நிலைக்கு ஒரு தாவல்.

ஒரே ஒரு தடவை ஓட்டிவிட்டு, ‘இத்தனை ஃபெம்டோ செகண்டில் இறங்கிடுச்சு’ என்று எழுதினால் என்ன ஆகும்? ஒரு முறை தாயம் விழுந்ததை வைத்து, எப்பவும் தாயம்தான் விழும் என்று சொல்வது மாதிரி. நூற்றுக்கணக்கில் ஓட்டி, சராசரி பார்க்கணும். நேர இடைவெளியைப் பெரிதாக வைத்தால், தாவ வேண்டிய இடத்தையே கணக்கு தவறவிடும்.

தனியாக உட்கார்ந்து கற்பவர், தப்பான எண் என்றே தெரியாமல் அதன் மேல் மாதக்கணக்கில் ஆராய்ச்சியைக் கட்டிவிடலாம். முகாமில் பக்கத்தில் வந்து நிற்கும் பயிற்சியாளர், ‘எத்தனை தடவை ஓட்டினீங்க?’ என்று ஒரே கேள்வியில் அதைப் பிடித்துவிடுவார்.

நானும் சேரலாமா?

இயற்பியல், வேதியியல், மெட்டீரியல்ஸ் சயின்ஸில் முதுகலையோ பிஹெச்.டியோ படிப்பவர்கள் குறிவைக்கலாம். ட்ரியெஸ்டே மைய முகாம்களுக்குப் பெரும்பாலும் பதிவுக் கட்டணம் கிடையாது. வளரும் நாடுகளிலிருந்து தேர்வாகும் சிலருக்குப் பயண உதவியும் கிடைப்பதுண்டு.

அதற்கு முன்னால் வீட்டிலேயே செய்ய வேண்டியவை மூன்று: லினக்ஸ் டெர்மினலில் பயமில்லாமல் புழங்குங்கள். பைத்தானில் ஒரு கிராஃப் போடும் அளவுக்குப் பழகுங்கள். குவான்டம் எஸ்பிரெஸ்ஸோவை இன்ஸ்டால் செய்து, அதே சிலிக்கான் கணக்கை ஓட்டிப் பாருங்கள். சாதாரண லேப்டாப்பே போதும்.

‘ஜாப் டன்’ என்று வரும். உடனே ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஸ்டேட்டஸ் போட்டுடாதீங்க. ‘இந்த எண்ணை நான் ஏன் நம்பணும்?’ என்று ஒரு கேள்வி கேளுங்க. அதற்குப் பதில் சொல்லத் தெரிந்த பிறகுதான் வேலை நிஜமாகவே முடிஞ்சது!