ஆறு புள்ளிகளை ஒளித்து வைத்த மாணவர்கள்

குட்டீஸ், கணக்கு டீச்சர் கரும்பலகையில் எழுதிக்கொண்டே, "இதையும் இதையும் கூட்டினா இது வரும். இதை இங்கே கொண்டுவந்து இதோட பெருக்கணும்" என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். உங்களுக்குப் புரிந்துவிடும். இப்போது கண்ணை மூடிக்கொண்டு அதே வாக்கியத்தைக் கேளுங்கள். எதை? எங்கே? எதோடு? ஒன்றுமே புரியவில்லை, இல்லையா?

உங்கள் வகுப்பில் பார்வை இல்லாத ஒரு மாணவி இருந்தால் அவளுக்குத் தினமும் இதே கதைதான். "ஏழையும் எட்டையும் கூட்டினா பதினைஞ்சு. அதை மூணால பெருக்கணும்" என்று டீச்சர் வாய்விட்டுச் சொன்னால் போதும், அவளும் விடை சொல்லிவிடுவாள். இதற்கு ஒரு பைசா செலவில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது வேறு, பாடத்தில் சேர்த்துக்கொள்வது வேறு. இந்த வித்தியாசம் 200 வருடங்களுக்கு முன்னால் பிரான்ஸ் நாட்டுப் பையன் ஒருவனை என்ன பாடு படுத்தியது தெரியுமா?

காதால் படித்த பையன்

அவன் பெயர் லூயி பிரெய்ல். பாரிஸ் நகரத்துக்குப் பக்கத்தில் கூப்வ்ரே என்ற சின்ன ஊரில் 1809 ஜனவரி 4-ம் தேதி பிறந்தான். அப்பா குதிரைகளுக்குச் சேணமும் கடிவாளமும் செய்பவர். லூயிக்கு 3 வயது இருக்கும்போது, அப்பாவின் பட்டறையில் தோலைத் துளைக்கும் கூர்மையான கருவியை எடுத்து விளையாடினான். அது ஒரு கண்ணில் குத்திவிட்டது. அந்தப் புண்ணின் கிருமி அடுத்த கண்ணுக்கும் பரவியது. 5 வயதுக்குள் இரண்டு கண்ணிலும் பார்வை போய்விட்டது.

அந்தக் காலத்தில் பார்வை இல்லாத பிள்ளைகளை யாரும் பள்ளிக்கு அனுப்ப மாட்டார்கள். ஆனால் லூயியின் ஊரில் பாதிரியாரும் ஆசிரியரும் நல்லவர்கள். மற்றப் பிள்ளைகளோடு அவனையும் உட்கார வைத்தார்கள். ஆசிரியர் சொல்வதைக் கேட்டே எல்லாவற்றையும் மனதில் வாங்கிக்கொண்டு, வகுப்பில் கெட்டிக்காரன் என்று பெயர் எடுத்தான். ஆனால், மற்றவர்கள் புத்தகத்தை எடுத்ததும் அவன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அவன் படிக்க ஒரு வரிகூட இல்லை.

1819-ல், 10 வயதில் பாரிஸ் போனான். பார்வை இல்லாதவர்களுக்காகவே வாலன்டீன் ஆவி என்பவர் தொடங்கிய பள்ளி அங்கே இருந்தது. அங்கே புத்தகங்கள் உண்டு! சாதாரண எழுத்துகளையே பெரிதாக, காகிதத்தில் புடைப்பாக அச்சடித்திருப்பார்கள். ஒவ்வொரு எழுத்தாகத் தடவிப் பார்க்க வேண்டும். நம் 'ஐ' எழுத்தை விரலால் தடவிக் கண்டுபிடிப்பதாக நினைத்துப் பாருங்கள். ஒரு வாக்கியம் முடிவதற்குள் அதன் ஆரம்பம் மறந்துவிடும். புத்தகங்களோ தூக்க முடியாத கனம். அதைவிடப் பெரிய குறை, அந்த முறையில் மாணவர்களால் எழுத முடியாது.

1821-ல் ஒரு புது முறை பள்ளிக்கு வந்தது. சார்ல் பார்பியே என்ற முன்னாள் ராணுவ அதிகாரி கண்டுபிடித்தது. எழுத்துக்குப் பதிலாகப் புள்ளிகள்! ஆனால் ஒரு கட்டத்துக்கு 12 புள்ளிகள் வரை. விரல் நுனி ஒரே தொடுதலில் அத்தனையையும் உணராது. எழுத்துப்பிழை பார்க்கவும் வழியில்லை, ஏனென்றால் அது ஒலிகளை மட்டுமே குறித்தது.

லூயி அதைப் பிடித்துக்கொண்டான். விடுமுறையிலும் ராத்திரியிலும் காகிதத்தைக் குத்திக் குத்திப் பார்த்தான். 12 புள்ளி 6 ஆனது. 1824-ல் முறை தயார். அப்போது அவனுக்கு வயது 15. நம்ம ஊரில் பத்தாம் வகுப்புப் படிக்கும் வயது! 1829-ல் அதைப் புத்தகமாகவும் வெளியிட்டார் லூயி. பிறகு அதே பள்ளியில் ஆசிரியர் ஆனார்.

"எல்லாருக்கும் ஒரே எழுத்து!"

இனி எல்லாம் நல்லபடியாக நடந்திருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை. 1840-ல் பள்ளிக்குப் புதிய தலைவராக வந்த துஃபோ புள்ளி எழுத்துக்குத் தடை போட்டார். 'நாட்டில் எல்லாரும் ஒரு எழுத்தில் படிக்கும்போது இவர்களுக்கு மட்டும் தனி எழுத்து எதற்கு? அது இவர்களை மற்றவர்களிடமிருந்து பிரித்துவிடும்' என்பது அவர் பக்கத்து வாதம்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த 'ஒரே எழுத்து' யாருக்கு வசதி? கண்ணால் பார்க்கும் ஆசிரியர்களுக்கு. விரலால் படிக்கும் பிள்ளைகளுக்கு அது மலை ஏறுவது மாதிரி. எல்லாருக்கும் ஒரே அளவுச் செருப்பைக் கொடுத்துவிட்டு, 'பாரபட்சம் இல்லை' என்று சொல்வதுபோல்தான் இது.

பிள்ளைகள் விடவில்லை. ஆசிரியர்களுக்குத் தெரியாமல் ஊசி, முள்கரண்டி என்று கையில் கிடைத்ததை வைத்துப் புள்ளி குத்தினார்கள். பெரிய மாணவர்கள் சின்னவர்களுக்கு ரகசியமாகச் சொல்லிக்கொடுத்தார்கள். இன்று உலகம் முழுவதும் பிரெய்ல் எழுத்து இருக்கிறது என்றால், அதில் பாதிப் பெருமை இந்த வாண்டுகளுக்குத்தான் சேர வேண்டும். 1844-ல் பள்ளியின் புதுக் கட்டடத் திறப்பு விழாவில் எல்லார் முன்னிலையிலும் மாணவர்கள் புள்ளிகளால் எழுதியும் படித்தும் காட்டினார்கள். அதன் பிறகுதான் மதிப்பு கிடைத்தது. பிரான்ஸ் அரசு ஏற்றுக்கொண்டது 1854-ல். லூயி அதைக் கேட்க இல்லை. 1852-லேயே காசநோயால் இறந்துவிட்டார்.

மற்றவர்களிடமிருந்து பிரிய வேண்டும் என்று லூயி நினைத்ததே இல்லை. பார்வை இல்லாதவர்கள் எழுதும் கடிதத்தை வீட்டில் இருப்பவர்கள் படிக்க வேண்டுமே என்று, சாதாரண எழுத்து வடிவத்தையே புள்ளிகளால் வரையும் இன்னொரு முறையையும் 1839-ல் வெளியிட்டார்!

பல்லியா, பள்ளியா?

6 புள்ளிகளை வைத்து 63 வடிவங்கள் அமைக்கலாம். நம் தமிழில் 247 எழுத்துகள் ஆயிற்றே, எப்படிப் போதும்? உயிர், மெய் இரண்டுக்கும்தான் வடிவம். 'கி' என்றால் 'க' வடிவத்துக்குப் பக்கத்தில் 'இ' வடிவம். 'கொ' எழுத முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால் என்ற தொல்லை கிடையாது. 'க', அடுத்து 'ஒ', அவ்வளவுதான். இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவான இந்தப் பாரதி பிரெய்ல் முறை 1951-ல் ஏற்றுக்கொள்ளப்பட்டது.

'இப்போதுதான் செல்போனே எல்லாவற்றையும் படித்துக் காட்டுகிறதே, புள்ளி எதற்கு?' என்று சிலர் கேட்கிறார்கள். போன் படிக்கும்போது 'பல்லி' என்றதா, 'பள்ளி' என்றதா? வேகமாகப் படித்தால் சந்தேகம்தான். ல, ள, ழ எங்கே வரும் என்பது விரலால் படிப்பவர்களுக்குத் தெரியும்.

உங்கள் வகுப்பில்...

நம் நாட்டில் 2016-ம் வருடச் சட்டப்படி, அரசும் அரசு உதவிபெறும் பள்ளிகளும் குறைபாடு உள்ள பிள்ளைகளைப் பாகுபாடு இல்லாமல் சேர்க்க வேண்டும். அவர்களுக்கு ஏற்ற முறையில் சொல்லிக்கொடுக்க வேண்டும். குறைபாடு 40 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால், 6 முதல் 18 வயது வரை பக்கத்துப் பள்ளியிலோ, விரும்பிய சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிக்கலாம். சிலர் சிறப்புப் பள்ளியில் பிரெய்லும், வெள்ளைக்கோல் பிடித்து நடக்கவும் கற்றுக்கொண்டு, பிறகு சாதாரணப் பள்ளிக்கு வருவார்கள். தேர்வில் அவர்கள் சொல்லச் சொல்ல எழுத ஒருவரும், கூடுதல் நேரமும் உண்டு.

அப்படி ஒருத்தி உங்கள் பெஞ்சுக்கு வந்தால், பக்கத்தில் போனதும் உங்கள் பெயரைச் சொல்லுங்கள். எழுந்து போகும்போதும் சொல்லிவிட்டுப் போங்கள். இல்லாவிட்டால் பாவம், காலி இடத்தோடு பேசிக்கொண்டிருப்பாள். கூட்டிப் போக வேண்டுமா என்று முதலில் கேளுங்கள். கையைப் பிடித்து இழுக்காமல், உங்கள் முழங்கைக்கு மேல் அவள் பிடித்துக்கொள்ளட்டும்.

பி.டி. பீரியடில் 'நீ உட்கார்ந்து எல்லார் பையையும் பார்த்துக்கோ' என்று விட்டுவிடுவதுதான் பெரிய அநியாயம். பிளாஸ்டிக் பந்துக்குள் சின்னக் குண்டுகளைப் போட்டுக் கிரிக்கெட் ஆடுகிறார்கள். குலுங்கும் சத்தம்தான் வழிகாட்டி. செஸ் தெரிந்தவர்கள் இன்னும் சுலபமாகச் சேர்ந்து ஆடலாம். அவர்களுக்கான பலகையில் கறுப்புக் கட்டங்கள் சற்று உயரமாக இருக்கும். காய்கள் நகர்ந்துவிடாமல் கட்டத்துக்குக் கட்டம் ஓட்டை உண்டு. ஒரு பக்கத்துக் காய்களின் தலையில் சின்ன முனை இருக்கும். தொட்டதும் யாருடைய காய் என்று தெரியும். ஏமாந்தால் உங்களுக்குத்தான் 'செக்'!

நீங்களே எழுதலாம்

கெட்டியான அட்டை, மை தீர்ந்த பேனா எடுத்துக்கொள்ளுங்கள். இடது பக்கம் மேலிருந்து கீழாக 1, 2, 3. வலது பக்கம் 4, 5, 6. இதுதான் கட்டம். 'ம' என்றால் 1, 3, 4. 'ஆ' என்றால் 3, 4, 5. இரண்டையும் அடுத்தடுத்துக் குத்தினால் 'மா'.

பின்பக்கத்திலிருந்து குத்துவதால் எல்லாம் இடம் மாறும். அதனால் வலமிருந்து இடமாக எழுத வேண்டும். கட்டத்திலும் 1, 2, 3 வலது பக்கம் வரும். குத்தி முடித்து அட்டையைத் திருப்பி, கண்ணை மூடி, ஆள்காட்டி விரலால் தடவுங்கள். முதலில் வெறும் சொரசொரப்பாகத்தான் தெரியும். அழுத்தாமல், மெதுவாக, இன்னொரு முறை தடவிப் பாருங்கள்.